சிறு முதலில் வரைவியல் அட்டை தேர்தல்

மன்னார்க் கரையில் முத்துச் சலாபம் நிகழ்ந்த காலத்தில், கடலடியிலிருந்து கொணர்ந்த சிப்பிகளைத் திறவாமலே ஆயிரக்கணக்கில் ஏலமிட்டு விற்பது வழக்கம். வாங்குவோன் பொருளைக் கொடுத்த பின்னரே தன் பங்கில் முத்து உண்டா, இல்லையா என்பதை அறிவான். 1905ஆம் ஆண்டில் மறிச்சுக்கட்டியில் நிகழ்ந்த சலாபத்தில் எட்டுக் கோடி அளவிற் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கம் பெற்ற வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. அதனைக் கண்டு ஊக்கமுற்ற கம்பெனி ஒன்று 1906ஆம் ஆண்டில் இப்பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சிப்பி அருகிப்போகவே, குத்தகைக் காலம் முடியுமுன் அது பெருநட்டமுற்று அழிந்தது. பிறர் பெற்ற பேற்றை மட்டும் நோக்கித் தன் நிலையை நோக்காது பொருள் கொடுப்போர்க்கு இஃது ஒரு பாடமாகும்.

இன்று கணினி விளையாட்டிற்கென ‘கிராபிக்ஸ் கார்ட்’ எனப்படும் வரைவியல் அட்டை வாங்கச் செல்லும் மாணவனின் நிலையும் இதனோடு ஒருபுடை ஒப்புமை உடையதே. மூடிய பெட்டி, அதன்மேல் ஒரு பெயர், ஓர் எண், ஒரு விலை. உள்ளிருப்பது தனக்குப் பயன்படுமா என்பது வீட்டிற்கு வந்து பூட்டிய பின்னரே தெரியவரும். ஆயினும் சிப்பி வாங்கியவனுக்கு இல்லாத ஒரு நன்மை இவனுக்கு உண்டு. அட்டையின் உள்ளியல்புகள் யாவும் எண்களாக வெளியிடப்பட்டுள்ளன. அவ்வெண்களைப் பொருளுணர்ந்து வாசிக்கும் பயிற்சி ஒன்றே வேண்டுவது. அப்பயிற்சிக்கு ஒரு தொடக்கமாக இக்கட்டுரை அமையும்.

விளையாட்டுப் பொருளைப் பற்றி ஒரு கல்லூரி மலரில் ஆராய்வது தகுமோ என ஆசிரியர் சிலர் ஐயுறலாம். 2023ஆம் ஆண்டில் சீனத்தின் காங்சோ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் மின்விளையாட்டுகள் பதக்கத்திற்குரிய போட்டிகளாக இடம்பெற்றன. அதுவுமன்றி, கட்டட வரைபு, அசைபடம், காணொளித் தொகுப்பு, செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி ஆகியவற்றிற்கும் இவ்வட்டையே கருவி. இவற்றினும் முதன்மையான காரணம் ஒன்றுண்டு. பேசாலையில் வலை இழுக்கும் குடும்பத்திலும், நானாட்டானில் நெல் விளைக்கும் குடும்பத்திலும் ஓர் அட்டையின் விலை சிறுதொகையன்று. அத்தொகை வீணாகாமற் காப்பது கல்வியின் பயன்களுள் ஒன்றே.

முதற்கண், இவ்வட்டை செய்யும் தொழில் யாதெனக் காண்பாம். திரையில் தோன்றும் படம் எண்ணிறந்த சிறு புள்ளிகளால் ஆயது. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட திரையில் 20,73,600 புள்ளிகள் உள. அசைவு இயல்பாகத் தோன்ற வேண்டுமெனின் ஒரு செக்கனில் 60 படங்களேனும் மாறிவரல் நன்று. எனவே செக்கன் ஒன்றிற்கு 12 கோடியே 44 இலட்சத்திற்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தைக் கணித்தல் வேண்டும். ஒரு படத்திற்குக் கிடைக்கும் காலம் 16.7 மில்லிசெக்கனே. கணினியின் மையச் செயலி அறிவுமிக்க சிலரைக் கொண்ட சபை போன்றது. அரிய கணக்கை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும். வரைவியற் செயலியோ கரைவலை இழுக்கும் கூட்டம் போன்றது. ஒவ்வொருவரும் செய்வது எளிய தொழிலே எனினும் ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே இழுப்பர். என்விடியா நிறுவனத்தின் ஆர்.ரி.எக்ஸ். 3050 என்னும் எளிய அட்டையின் 6 ஜிகாபைற்று வகையிலும் 2304 கணிப்பு அலகுகள் உள்ளன. அவ்வலகுகளுக்குத் தரவை ஊட்டுவது அட்டையிலேயே பொருந்திய நினைவகமாகும். ஆகவே அலகுகளின் வலிமை, நினைவகத்தின் கொள்ளளவு, அந்நினைவகத்திலிருந்து செக்கனுக்கு வரும் தரவின் அளவு ஆகிய மூன்றும் அட்டையின் தரத்தை வரையறுக்கின்றன.

பண்டை முத்து வணிகர் துளையளவு வேறுபட்ட பல சல்லடைகளில் முத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக இட்டுத் தரம் பிரித்தனர். அவ்வாறே நாமும் அட்டைகளைச் சில வினாக்களில் இட்டுச் சலிப்போம்.

முதல் வினா: எவ்விளையாட்டு, எத்திரை? வலோரன்ட், டோட்டா 2 போன்ற போட்டி விளையாட்டுகள் எளிய கணினிகளிலும் ஓடத்தக்கனவாக ஆக்கப்பட்டவை. சைபர்பங்க் 2077 போன்ற பெருங்காட்சி விளையாட்டுகள் அத்தகையன அல்ல. 2024 டிசெம்பரில் வெளிவந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025 மே மாதத்தில் வெளிவந்த டூம் வரிசையின் புதிய விளையாட்டும் ஒளிக்கதிர்த் தடங்கணிப்பைச் செய்யவல்ல வன்பொருளைக் கட்டாயமாக வேண்டுகின்றன. அவ்வசதியற்ற ஜி.ரி.எக்ஸ். 1650, ஆர்.எக்ஸ். 580 ஆகியன, எத்துணை மலிவாகக் கிடைப்பினும், அவற்றிற்கு உதவா. திரையையும் நோக்குக. செக்கனுக்கு 60 முறை மட்டும் புதுப்பிக்கும் திரையில், அட்டை 120 படம் வரைந்தாலும் கண் காண்பது 60 படங்களின் அளவே. திரை காட்டாததற்கு விலை கொடுப்பது, பத்தாயம் கொள்ளாத நெல்லை வாங்கி முற்றத்திற் கொட்டுவதை ஒக்கும்.

இவ்விடத்திற் பிறிதொரு கேள்வியும் எழும்: அட்டை வேண்டுமா? மையச் செயலியினுள்ளேயே வரைவியற் பகுதி அமைந்த செயலிகள் உள. ஏ.எம்.டி. நிறுவனத்தின் றைசன் 5 5600ஜி, 8600ஜி என்பன அவ்வகையின. புதிதாகக் கணினி அமைப்பவனுக்கும், போட்டி விளையாட்டுகளோடு நிறைவடைபவனுக்கும் இவை போதும். ஆனால் இவற்றிற்குத் தனி நினைவகம் இல்லை. கணினியின் பொது நினைவகத்தையே பயன்படுத்தும். 5600ஜியில் 3200 வேக நினைவகத் தண்டு ஒன்றை மட்டும் இட்டால் செக்கனுக்கு 25.6 ஜிகாபைற்று, இரண்டை இணையாக இட்டால் 51.2 ஜிகாபைற்று. 16 ஜிகாபைற்றுத் தண்டு ஒன்றினும் 8 ஜிகாபைற்றுத் தண்டு இரண்டு விளையாட்டிற்கு நன்று என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாம் வினா: இருக்கும் கணினி இவ்வட்டையை ஏற்குமா? நம் பகுதி மாணவர் பலரிடம் இருப்பன, வெளிநாட்டு அலுவலகங்களிற் பயன்பட்டுப் பின்னர் இங்கு இறக்குமதியாகி விற்கப்படும் கணினிகளே. இவற்றுட் பல ஒடுங்கிய கூடு உடையன. முழு உயர அட்டை உள்ளே நுழையாது. இவற்றின் மின் வழங்கி சிறிது. தனி அமைப்புடையதாதலின் மாற்றுதற்கும் எளிதன்று. அட்டைக்கென மேலதிக மின்வடமும் பெரும்பாலும் இராது. தாய்ப்பலகையின் பொருத்தி தரக்கூடிய மின்வலு 75 வாற்றே. ஆகவே 75 வாற்றுக்கு உட்பட்டதும் குட்டையானதுமான அட்டையே இங்குப் பொருந்தும். அத்தகையன ஒரு சிலவே: 2019இல் வந்த ஜி.ரி.எக்ஸ். 1650; 2022இல் வந்த ஆர்.எக்ஸ். 6400, இன்ரெல் ஆர்க் ஏ380, 2024 பெப்ரவரியில் வந்த ஆர்.ரி.எக்ஸ். 3050இன் 6 ஜிகாபைற்று வகை. இவற்றிற் குட்டையான வடிவில் வந்தவற்றையே கேட்டு வாங்குதல் வேண்டும்.

இந்நான்கினையும் மேலும் சலித்தல் கூடும். ஆர்.எக்ஸ். 6400 தாய்ப்பலகையுடன் நான்கு தடங்களாலேயே இணைகின்றது. நான்காம் தலைமுறைப் பொருத்தியில் அத்தடங்கள் செக்கனுக்கு 8 ஜிகாபைற்று அளவிற் கொண்டுசெல்லும். பழைய கணினிகளின் மூன்றாம் தலைமுறைப் பொருத்தியிலோ அதில் அரைவாசியே செல்லும். 4 ஜிகாபைற்று நினைவகம் நிரம்பியவுடன் இவ்வொடுங்கிய வழியாகவே தரவு ஓடவேண்டியிருத்தலின் படம் தட்டித் தடுமாறும். இன்ரெல் ஆர்க் அட்டைகளோ, மையச் செயலி அட்டை நினைவகம் முழுவதையும் ஒருங்கே அணுகும் வசதி தாய்ப்பலகையில் இல்லையெனின் தம் ஆற்றலிற் பெரும்பகுதியை இழக்கும். பழைய அலுவலகக் கணினிகளில் அவ்வசதி இல்லை. எனவே எஞ்சுவன ஜி.ரி.எக்ஸ். 1650உம் ஆர்.ரி.எக்ஸ். 3050உமே. புதிய கணினியில் நல்லதென ஒருவர் புகழ்ந்த அட்டை, பழைய கணினியிற் பழுதெனத் தோன்றுவதன் காரணம் இதுவே.

மூன்றாம் வினா: பெயர் கூறுவதும் பொருளும் ஒன்றா? ஒரே பெயரில் இருவேறு பொருள்கள் சந்தையில் உலவுகின்றன. ஜி.ரி. 1030 என்பது 2017இல் வந்தபோது அதன் நினைவகம் செக்கனுக்கு 48 ஜிகாபைற்று வழங்கியது. அடுத்த ஆண்டில் அதே பெயருடன் வந்த மற்றொரு வகையின் நினைவகம் 17 ஜிகாபைற்றையும் எட்டவில்லை. ஆர்.எக்ஸ். 580இன் மூல வகையில் 2304 அலகுகள். சீனச் சந்தைக்கென வந்து பிறநாடுகளிலும் பரவிய வகையில் 2048 அலகுகள். ஆர்.ரி.எக்ஸ். 3050இன் 8 ஜிகாபைற்று வகையில் 2560 அலகுகளும் செக்கனுக்கு 224 ஜிகாபைற்று ஓட்டமும் உள. 6 ஜிகாபைற்று வகையிலோ 2304 அலகுகளும் 168 ஜிகாபைற்று ஓட்டமுமே உள. பின்னது தாழ்ந்ததெனினும் 70 வாற்றில் இயங்குதலால் முன்னது புக முடியாத கணினியிற் புகும். ஆகவே தாழ்ந்ததெனத் தள்ளாது, எதற்குத் தக்கது என வினவுக. பற்றுச்சீட்டில் அட்டையின் பெயரோடு நினைவகத்தின் அளவையும் வகையையும் எழுதுவித்தல் நன்று.

நான்காம் வினா: இன்னும் எத்துணைக் காலம் பயன்படும்? 4 ஜிகாபைற்று நினைவகம் பழைய விளையாட்டுகளுக்கும் போட்டி விளையாட்டுகளுக்கும் போதும். இன்றைய பெருவிளையாட்டுகளுக்கு 8 ஜிகாபைற்று விரும்பத்தக்கது. 6 ஜிகாபைற்றாயின் காட்சியின் நுணுக்கத்தைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும். செயலி வலியதாயிருந்தும் நினைவகம் குறைந்த அட்டை, பெரிய இயந்திரம் பூட்டிய சிறிய தோணி போன்றது. விரைந்து செல்லும், மீன் கொள்ளாது. இயக்கி எனப்படும் மென்பொருளின் ஆதரவையும் நோக்கல் வேண்டும். ஜி.ரி.எக்ஸ். 1050 ரி.ஐ., 1060 முதலியவற்றிற்குப் புதிய விளையாட்டுகளுக்கான இயக்கி வெளியீட்டை என்விடியா 2025 ஒக்ரோபருடன் நிறுத்திற்று. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வருமென அறிவித்துள்ளது. 1650 அடுத்த தலைமுறையினதாதலின் இவ்வரம்பினுள் அகப்படவில்லை. பழைய அட்டை இரண்டினுள் ஒன்றைத் தெரிவோர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

ஐந்தாம் வினா: விலை தக்கதா? உலகில் ஓர் அட்டையின் விலை டொலரிற் குறிக்கப்படும். நாம் கொடுப்பதோ ரூபா. 2022 மார்ச்சுக்கு முன் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவு. 249 டொலர் அட்டை ஒன்று, வரியும் வணிகர் இலாபமும் சேர்க்குமுன், 50,000 ரூபாவிலிருந்து 90,000 ரூபாவை அணுகிற்று. பெறுமதி சேர் வரியும் 2024 சனவரி முதல் 18 வீதமாயிற்று. எனவே வெளிநாட்டு விமரிசகர் ‘மலிவு’ என்பதை அவ்வாறே கொள்ளாது, நம் கடை விலைகளை வைத்து நாமே கணக்கிடல் வேண்டும்.

கணக்கின் பொருட்டுச் சில எண்களைக் கொள்வோம். முதல் அட்டை 60,000 ரூபா. விரும்பிய விளையாட்டில் 60 படம் தரும்: படம் ஒன்றிற்கு 1000 ரூபா. இரண்டாவது 78,000 ரூபா. 90 படம் தரும்: படம் ஒன்றிற்கு 867 ரூபா. இரண்டாவதே மலிவெனத் தோன்றும். ஆனால் அதற்கென 15,000 ரூபாவிற்குப் புதிய மின் வழங்கி வேண்டுமாயின் மொத்தம் 93,000. படம் ஒன்றிற்கு 1033 ரூபா. திரை 60 படங்களையே காட்டுமாயின் 93,000ஐ 60ஆல் வகுத்தல் வேண்டும். அப்பொழுது 1550 ரூபா. அட்டையின் விலை வேறு, அட்டையை இயங்கச் செய்வதன் விலை வேறு என்பது இக்கணக்கால் விளங்கும்.

மின்கட்டணமும் இதனுள் அடங்கும். 185 வாற்று ஆர்.எக்ஸ். 580ஐயும் 70 வாற்று 3050ஐயும் நாளுக்கு மூன்று மணிநேரம் இயக்கினால், முப்பது நாளில் இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு 10 அலகுக்கு மேற்படும். நம் நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிமுறையாக ஏறுவதாதலின், இம்மேலதிக அலகுகள் குடும்பத்தின் மிக உயர்ந்த படியிலேயே சேரும். மகன் மலிவாக வாங்கிய அட்டைக்குத் தந்தை மாதந்தோறும் தவணை செலுத்துவதாக இது முடியும்.

ஆறாம் வினா பழைய அட்டை வாங்குவோர்க்கு உரியது. எதீரியம் என்னும் எண்ணிமப் பணத்தை அட்டைகளால் அகழ்ந்தெடுக்கும் முறை 2022 செப்டெம்பர் 15இல் முடிவுற்றது. இரவும் பகலும் அத்தொழிலில் உழைத்த அட்டைகள் அதன்பின் உலகச் சந்தையிற் குவிந்தன. அவை யாவும் கெட்டவை அல்ல. விசிறியும் வெப்பப்பசையும் தேய்ந்திருத்தல் கூடும். போலி அட்டைகளோ முற்றிலும் விலக்கத்தக்கன. மிகப் பழைய அட்டையின் உள்மென்பொருளை மாற்றி, 1050 ரி.ஐ. என்பது போன்ற பெயரைக் காட்டச்செய்து விற்ற செய்திகள் பல. ஜி.பி.யூ.-இசட் என்னும் இலவச மென்பொருள் இவ்வகைப் போலிகளுட் பலவற்றைக் கண்டு ‘போலி’ எனக் குறித்துக் காட்டும். முற்காலத்திற் சலாபம் கூறுமுன் அரசினர் சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்துத் திறந்து முத்தின் பெறுமதியை மதிப்பிட்டனர். அம்முறையே இங்கும் தக்கது. பணம் கொடுக்குமுன் அரைமணி நேரமேனும் அட்டையைக் கடும் சுமையில் இயக்குக, வெப்பநிலையை நோக்குக, திரையில் புள்ளி சிதறல், கோடு தோன்றல் உண்டா எனக் காண்க, செம்புத் தடங்களிற் பச்சை பூத்துள்ளதா எனக் கைவிளக்கால் ஆராய்க. இதற்கு இசையாத விற்பனையாளரை விட்டு நீங்குதலே நன்று.

இறுதி வினா நம் கரைக்கே உரியது. கொழும்பில் எழுதப்படும் அறிவுரைகளிலும் இதனைக் காண்டல் அரிது. சோழகக் காற்று வீசும் மாதங்களில் தாழ்வுபாட்டிலும் தலைமன்னாரிலும் காற்று உப்புத் துளியையும் நுண்மணலையும் ஒருங்கே கொணரும். தம்பபவனி என்னும் காற்றாலைப் பண்ணையின் முப்பது பொறிகளை 2020 டிசெம்பர் முதல் சுழற்றிவரும் அதே காற்று, கணினியின் விசிறியினூடும் நுழைகின்றது. தூய கறியுப்பு, சாரீரப்பதன் 75 வீதமளவை எட்டும்போது வளியிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரையும். கடலுப்பிற் கலந்துள்ள மகனீசியம் குளோரைட்டோ 33 வீதமளவிலேயே கரையத் தொடங்கும். ஆகவே நம் கரையில் அட்டைமேற் படிந்த உப்புத்தூசி நாளிற் பெரும்பகுதியும் ஈரமாகவே இருக்கும் எனலாம். அவ்வீரம் மின்னைக் கடத்தும். அதிலுள்ள குளோரைட்டு அயன்கள் செம்பையும் பற்றாசையும் அரிக்கும். பல கடைகளின் உத்தரவாதத் தாளில் அரிப்பும் எரிந்த தழும்பும் விலக்கப்பட்டிருத்தலையும் மறத்தலாகாது.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. கடலை நோக்கிய சாளரத்தின் அருகிற் கணினியை வையாதிருத்தல். காற்றுப் புகும் வாயிலில் நுண்வலை இட்டு அதனைக் கிழமைதோறும் தூய்மை செய்தல். மாதம் ஒருமுறை மின்னைத் துண்டித்து, உலர்ந்த மென்தூரிகையால் தூசி நீக்குதல். பயன்படுத்தாத காலத்தில் அட்டையைச் சிலிக்கா மணிகளுடன் இறுக மூடிய பெட்டியில் வைத்தல் ஆகியன போதும். இயங்கும் அட்டை தன் வெப்பத்தால் உலர்ந்திருக்கும்; கிடக்கும் அட்டையே விரைந்து அரிபடும். குறைந்த வாற்று அட்டையை விரும்புதற்கும் இங்கு ஒரு காரணம் உண்டு. குறைந்த வெப்பத்திற்குக் குறைந்த காற்றோட்டமே போதும்; காற்று குறையவே உள்ளே புகும் உப்பும் குறையும்.

மின்தடையும் எண்ணத்தக்கது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றிற்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது; 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் ஒருங்கே மின் இழந்தது. மின் நிற்பதிலும் அது மீள வரும் கணத்தின் ஏற்ற இறக்கமே கருவிகளுக்குக் கொடிது. ஆகவே தரமான மின் வழங்கியும், இயலுமாயின் தடையிலா மின்கருவியும் அட்டைக்கு முன்னே வாங்கத்தக்கவை. கையிலுள்ள பொருள் முழுவதையும் அட்டையிலே இட்டு மின் வழங்கியில் மிச்சம் பிடிப்பவன், கடலுக்குப் புதுவலை வாங்கி நங்கூரக் கயிற்றிற் சிக்கனம் செய்பவனாவான்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைப்பின், முடிபு மூன்றாகும். புதிதாகக் கணினி அமைப்போனாய்ப் பொருள் குறைந்தவன், வரைவியற் பகுதி உள்ளமைந்த செயலியும் இணையான இரு நினைவகத் தண்டுகளும் கொண்டு தொடங்குக. அட்டையைப் பின்னர்ச் சேர்க்கலாம். ஒடுங்கிய பழைய அலுவலகக் கணினி உடையவன், ஆர்.ரி.எக்ஸ். 3050இன் 6 ஜிகாபைற்றுக் குட்டை வகையையோ, நன்கு சோதித்த ஜி.ரி.எக்ஸ். 1650ஐயோ கொள்க. பெரிய கூடும் 450 வாற்றுக்குக் குறையாத தரமான மின் வழங்கியும் உடையவன், 132 வாற்றில் இயங்கி 8 ஜிகாபைற்று நினைவகம் உடைய ஆர்.எக்ஸ். 6600ஐயோ, பொருள் இடங்கொடுப்பின் ஆர்.ரி.எக்ஸ். 4060, 5050 ஆகியவற்றுள் விலை தக்கதையோ நாடுக. இன்ரெல் ஆர்க் பி580 புதிய தாய்ப்பலகை உடையவனுக்கே ஏற்றது. அட்டைகள் ஆண்டுதோறும் மாறும், இப்பெயர்களும் பழையனவாகும். வினாக்கள் மாறா.

நம் மாணவர் ஒருவர் கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளை எடுத்து, தம் விளையாட்டு, திரை, கூட்டின் அளவு, மின் வழங்கியின் வாற்று, பொருத்தியின் தலைமுறை, கையிலுள்ள பணம் ஆகிய ஆறினையும் எழுதிச் செல்வாராக. அத்தாள் கையில் இருக்கும்வரை ‘இதனினும் சிறந்தது அது’ என்னும் விற்பனைப் பேச்சு அவரை அசைக்காது. அட்டையைத் தேர்ந்த அம்முறையினாலேயே பின்னொருநாள் படகு இயந்திரத்தையும், நீர் இறைக்கும் பொறியையும், தம் வாழ்விற்குரிய பிற கருவிகளையும் அவர் தேர்வார். அவ்வாறு தேர்வாராயின், விளையாட்டின் பொருட்டுக் கற்ற கணக்கு வீண்போகவில்லை என்பது ஒருதலை.